கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும்

படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சொல்ல வந்ததை மட்டும் விட்டுவிட்டு ஊரெல்லாம் சுற்றி வருவார்கள். ஷாலினிக்கும் அந்த வியாதிதான் என்று வெள்ளிமலைக்கு வந்த முதல் நாள் எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்கு இருந்தது வேறு. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வெள்ளிமலையில் ஒரு விடுதிக் கூடத்தில் நடந்த பயிற்சி அது. ஆராய்ச்சிப் படிப்பை முடித்து, வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடமே ஆன இளம் விஞ்ஞானிகள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். தாங்கள் கண்டுபிடித்ததை நாலு பேருக்குப் புரிகிற மாதிரி நின்று சொல்லப் பழக வேண்டும் என்று அவர்கள் வேலை பார்த்த இடங்களிலிருந்து அனுப்பி வைத்திருந்தார்கள். பழக்க வந்தவர் கோகிலவாணி. திருநாவலூர்க்காரர். அவரும் ஒரு காலத்தில் நெல்லில் வரும் நோயை ஆராய்ந்தவர்தான். தான் எழுதியதைத் தன் சொந்த ஊர் விவசாயி ஒருவர்கூடக் கேள்விப்படவில்லை என்று தெரிந்த அன்றைக்கு அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு இந்த வேலைக்கு வந்துவிட்டார். இனிக்க இனிக்கப் பேசுகிற ரகம் இல்லை.

ஷாலினி கட்டுவிரியன் பாம்பைப் பற்றி ஆராய்கிறவள். சென்னையில் வேலை. கல்வராயன் மலையிலும் கள்ளக்குறிச்சிச் சுற்றுவட்டாரத்திலும் பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வராமலே போய்ச் சேர்ந்தவர்கள் என்று வீடு வீடாகப் போய் விசாரித்துச் சேர்த்திருந்தாள். அதையெல்லாம் திரையில் படமாக ஓட்டிப் பேசினாள். நஞ்சு உடம்புக்குள் போய் நரம்பையும் தசையையும் என்ன செய்கிறது என்று ஆரம்பித்தாள். கோடு வந்தது, கோட்டின்மேல் கோடு வந்தது. ‘காணப்படுகிறது’, ‘கருதப்படுகிறது’, ‘மேலும் ஆய்வு தேவைப்படுகிறது’ என்று, யார் கண்டார் யார் கருதினார் என்றே தெரியாத வாக்கியங்களாக வந்தன. முடித்ததும் கோகிலவாணி, மண் வளத்தை ஆராயும் சின்னதுரையை எழுப்பி என்ன புரிந்தது என்று கேட்டார். சின்னதுரை பொய் சொல்லத் தெரியாதவன். ஒரு பாம்பு வந்தது, கடித்தது, அதற்கப்புறம் தனக்கு வழி தெரியவில்லை என்றான்.

கோகிலவாணி எழுந்து வந்து படங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். கடைசிக்கு முந்தின படத்தில் பொடி எழுத்தில் நெருக்கி அடித்திருந்த வரிகளில் ஒன்றன்மேல் விரலை வைத்தார். விடியற்காலை வயிற்று வலி, அதன்பின் கண் இமை தொங்கிப்போதல் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

“உங்க பேச்சு மொத்தமும் இந்த ஒரு வரிதாங்க. இது தெரிஞ்சா ஒரு அம்மா அவ புள்ளய காப்பாத்திக்குவா. இத கொண்டாந்து இங்க எதுக்குப் பொதைச்சி வச்சிருக்கீங்க?”

நேரம் போதவில்லை மேடம் என்றாள் ஷாலினி. சுத்தப் பொய். அந்த வரியை எடுத்து முன்னால் வைப்பதும், பின் தயங்கிக் கொண்டுபோய்ப் பின்னால் சொருகுவதுமாக அவள் இரண்டு வருடமாக அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் தம்பி செழியன் அப்படித்தான் போனான்.

மணலூர்பேட்டையில் பெண்ணையாற்றுக்குப் பக்கத்துத் தெருவில் அவர்கள் வீடு. அப்பா முனியன் கரும்பு வெட்டுக்குப் போகிறவர். அம்மா ரங்கம்மாள் களையெடுக்க, நடவு நட என்று கிடைத்த கூலிக்குப் போகிறவள். எல்லோரும் தரையில் பாய் விரித்துத்தான் படுப்பார்கள். ஷாலினி ஒன்பதாவது படித்த வருடம், கோடைக்காலத்தில் ஒருநாள், விடிவதற்கு முன்னால் ஐந்து வயசு செழியன் வயிறு வலிக்கிறது என்று எழுந்து அழுதான். அம்மா ஓமத்தை வறுத்துக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கியது. கண்ணைத் திறக்க முடியவில்லை என்று முனகினான். அப்பா அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தார்.

“வலி வுட்டுடுச்சி. தூக்கம் சொக்குது. தூங்கட்டும் வுடு” என்று சொல்லிப் பாயில் கிடத்தினார்.

பொழுது விடிந்தபோது பையன் எழுந்திருக்கவில்லை. உடம்பில் ஒரு காயம் இல்லை, கீறல் இல்லை. முந்தின நாள் வைத்த கெளுத்தி மீன் குழம்பில் ஒரு துண்டை எடுத்து வைத்திருந்து, ராத்திரி பழைய சோற்றோடு அவனுக்கு மட்டும் அம்மா போட்டிருந்தாள். ஓடி வந்த அத்தை செல்லியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு, பழைய குழம்பைப் போட்டுப் பிள்ளையைக் கொன்னுட்டாளே என்று ஒப்பாரி வைத்தாள். சாவு வீட்டில் ஆயிரம் சொல்வார்கள். ஷாலினி அதைக் காதில் வாங்கியதோடு சரி.

பிறகு அந்த வீட்டில் மீன் வாங்கவே இல்லை. பெண்ணையில் தண்ணீர் வந்து தெருவே மீன் மணத்தாலும் அந்த அடுப்பில் மட்டும் ஏறாது. யாராவது கேட்டால், வேண்டுதல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள் அம்மா. பிள்ளைக்குப் பிடித்ததை விட்டுவிட்டாள் போல என்று அப்பாவும் ஷாலினியும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

கல்லூரியில் ஒருநாள் பாம்பு நஞ்சு பற்றிய வகுப்பில், கட்டுவிரியன் கடித்தால் வலி தெரியாது, கடிவாய் தெரியாது, விடியற்காலையில் வயிற்று வலி வரும், பிறகு கண் இமை தொங்கும் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே போனார். ஷாலினி பேனாவை மூடிவிட்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ‘தூங்கட்டும் வுடு’ என்ற அப்பாவின் குரல் காதை அடைத்தது. அன்றைக்குத்தான் இந்த ஆராய்ச்சிக்கே போவதென்று முடிவு செய்தாள். ஆனால் வீட்டில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கை முழுக்கக் கரும்புச் சோகை கிழித்த தழும்போடு, என் பெண் பாம்பு டாக்டர் என்று டீக்கடையில் உட்கார்ந்து பெருமை அடித்துக்கொள்கிற மனிதரிடம் போய், நீ அன்றைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம் என்று எந்த வாயால் சொல்வது? ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியட்டும், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று அவள் வைத்துக்கொண்டாள். அதனால்தான் அந்த வரி பொடி எழுத்தில் இருந்தது.

கோகிலவாணிக்கு ஒரு வழக்கம் உண்டு. பயிற்சியின் கடைசி நாள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வர வேண்டும். திரை கிடையாது, படம் கிடையாது. அவர் முன்னால் நின்று பேச வேண்டும். முடிந்ததும் கைதட்டக் கூடாது. கேட்டவர் எழுந்து தான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் வாயில் வருவதுதான் நீங்கள் பேசியது, மற்றதெல்லாம் பேசியதாக நீங்கள் நினைத்துக்கொண்டது என்பார். எனக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள் என்று ஷாலினி தனியாகப் போய்க் கேட்டாள். காரணம் கேட்டார் கோகிலவாணி. அவளால் சொல்ல முடியவில்லை. காரணம் இல்லாவிட்டால் விலக்கும் இல்லை என்று அவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போன் போட்டாள். அப்பாதான் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வெட்டு முடிஞ்சி சும்மாதான் இருக்கறேன், நானே வரேன் பாப்பா என்றார். பெண்களை மட்டும்தான் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஷாலினி ஒரு பொய்யை எடுத்து விட்டாள். அவர் மறுபேச்சில்லாமல் நம்பிவிட்டதுதான் அவளுக்கு வலித்தது. அம்மா கேட்டால் அழுவாள், ஆனால் தாங்கிவிடுவாள். தூங்கட்டும் என்று சொன்னவள் அவள் இல்லையே. அப்பாவால் தாங்க முடியாது. ஷாலினி போட்ட கணக்கு அவ்வளவுதான்.

அம்மா கச்சிராயபாளையம் வழியாக மலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கொண்டை ஊசி வளைவுகளில் குடலைப் புரட்டியிருக்கிறது. கையில் எலுமிச்சம்பழம் கசங்கிக் கிடந்தது. இறங்கியதும் முதல் கேள்வியே, நான் இன்னாத்தக் கேட்டு இன்னாத்தச் சொல்றது, உன் மானம் போயிடும், ஆம்பளையும் வரலாம்னு இருந்தா உங்கப்பன இட்டாந்திருக்கலாமே என்பதுதான்.

கூடத்தில் வீட்டு ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பேசியவன் அறிவுச்செல்வன். வறட்சியைத் தாங்கும் நெல்லைப் பற்றி நன்றாகத்தான் பேசினான். அவன் அப்பா ராஜாங்கம் நிலம் நீச்சு உள்ளவர், பேச்சு நெடுகக் கண்ணை மூடியிருந்தார். எழுப்பிக் கேட்டதற்கு, எம் புள்ள ரொம்பப் படிச்சவன்னு புரிஞ்சிது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கூடமே சிரித்தது. அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்து ஷாலினி. இமையைத் தொடாமலே பேசி முடித்துவிடுவது என்ற முடிவோடுதான் எழுந்தாள். கட்டுவிரியன் வெயில் நேரத்தில் கண்ணில் படாது, ராத்திரிதான் வெளியே வரும், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும் என்றாள். எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது, கடித்த இடம் தெரியாது என்றாள். கட்டிலில் படுங்கள், முடியாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் சொருகிக்கொண்டு படுங்கள் என்றாள். விடியற்காலையில் வயிறு வலிக்கும் என்பது வரைக்கும் வந்துவிட்டாள். அங்கே நின்றாள். மலைக்காரப் பெண் ஒருத்தி, யாருடைய அக்காவோ, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மிச்சத்தைச் சொல்லாமல் விட்டால் அவள் வயிற்று வலிக்கு ஓமம்தான் வறுப்பாள் என்று ஷாலினிக்குத் தெரிந்தது. அம்மா இருந்த பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

“அப்புறம் கண்ணு எம தொங்கும். புள்ள கண்ணத் தொறக்க முடியலன்னு சொல்லும். பாத்தா தூக்கம் மாதிரிதான் இருக்கும். தூக்கம் இல்ல. அப்பவே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடுனா காப்பாத்த மருந்து இருக்குது.”

கோகிலவாணி, ரங்கம்மாளைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். கூலிக்கு நின்று பழகிய உடம்பு, தலை நிமிராது. தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“விடியக்காத்தால புள்ள வவுறு வலிக்குதுன்னு எழுந்தா, தின்னதுல இன்னான்னு தேடக்கூடாது. ஒடம்புல கடிவாயும் தேடக்கூடாது. மொகத்தப் பாக்கணும். எம தொங்குச்சின்னா தூக்கிகினு ஓடணும்.”

சாரம் சிந்தாமல் வந்தது. நன்றி என்று கோகிலவாணி தலையசைத்தார். அம்மா உட்காரவில்லை. இப்போதுதான் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள்.

“அப்ப கொழம்பு இல்லியா?”

கூடத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஷாலினிக்கு எல்லாம் விளங்கியது. வேண்டுதல் இல்லை, விரதம் இல்லை. அத்தனை வருடமும் அந்த மனுஷி தன் கையால் போட்ட மீன் துண்டுதான் பிள்ளையைக் கொன்றது என்று நம்பிக்கொண்டு சமைத்திருக்கிறாள், பரிமாறியிருக்கிறாள், மகள் லீவில் வந்தால் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டிருக்கிறாள். அப்பாவைக் காப்பாற்றுகிறோம் என்று வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு விலை கொடுத்தது அம்மா. தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது ஷாலினிக்கு.

வாய்ப்பிருக்கிறது, கருதப்படுகிறது என்ற வார்த்தைகள்தான் முதலில் நாக்குக்கு வந்தன. அவற்றை விழுங்கினாள்.

“கொழம்பு இல்லம்மா. கெட்டுப்போன கொழம்புன்னா வாந்தி வரும், பேதி வரும். கண்ணத் தொறக்க முடியாம போவாது. அன்னிக்கி ரத்தம் எடுத்துப் பாக்கல, அதனால சத்தியம் பண்ணச் சொன்னா என்னால முடியாது. ஆனா நான் படிச்ச படிப்ப வச்சிச் சொல்றேன். பாம்புதான்.”

அம்மா தலையை ஆட்டினாள். ஏதோ வழி கேட்டுத் தெரிந்துகொண்டவள் மாதிரி அமைதியாக உட்கார்ந்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. கோகிலவாணி நாற்காலியை நகர்த்திக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த ஆளைக் கூப்பிட வெகுநேரம் ஆனது.

மறுநாள் காலை தாயும் மகளும் மலையிறங்கினார்கள். வளைவு வளைவாக இறங்கிய பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். கீழே கோமுகி அணைத் தண்ணீர் தெரிந்த பிறகுதான் கேட்டாள், அன்றைக்கே ஓடியிருந்தால் பிழைத்திருப்பானா என்று. பிழைத்திருக்கலாம் என்றாள் ஷாலினி. இனி அவளிடம் மறைக்க மனமில்லை.

அம்மா அதை மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டாள். ஓடாமல் இருந்தது தெரியாமல் நடந்தது, குழம்பு நான் கையால் எடுத்து வைத்துப் போட்டது, ரெண்டும் ஒன்றாகாது என்றாள். கொஞ்ச தூரம் போனதும், தூங்கட்டும் என்று சொன்னது உங்கப்பன் இல்லையா என்றாள். ஷாலினி தலையை ஆட்டினாள். இத்தனை நாளாக அதற்காகத்தான் சொல்லாமல் இருந்தாயா என்று கேட்டாள். அதற்கும் தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

“வூட்ல சொல்லாத. கொழம்பாவே இருந்துட்டுப் போவட்டும். எனக்குப் பழகிப்போச்சி. உங்கப்பன் தாங்க மாட்டான்” என்றாள் அம்மா.

முந்தின நாள்தான் இறங்கிய சுமை. அதைத் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறாள். ஷாலினிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் சொன்னாள், நம் தெருவிலும் பிள்ளைகள் பாயில்தான் படுக்கிறார்கள், அங்கே நான் பேசாமல் வேறு எங்கே போய்ப் பேசுவது என்று. அம்மா யோசித்தாள். எல்லாம் சொல், இமையை மட்டும் விட்டுவிடு என்றாள். அது இல்லாவிட்டால் பேச்சே இல்லை என்றாள் மகள். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குள் பஸ் திரும்புகிறபோது அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். தெருவில் பேசுகிற அன்றைக்கு ஆட்டுக்குட்டி விசாரித்து வரச் சொல்லி அப்பாவைச் சந்தைக்கு அனுப்பிவிடுவது. ஊர் முழுக்கத் தெரிந்தால் ஒருநாள் அவர் காதுக்கும் வரும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். ஆனாலும் அந்த ஒரு நாளையாவது தள்ளிப் போடலாமே என்று இருந்தது.

அப்படியே செய்தார்கள். சந்தை நாளன்று அப்பா மஞ்சள் பையோடு கிளம்பிப் போனார். சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் தெரு ஜனம் கூடியது. அம்மா வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருந்தாள். யாரைக் கூப்பிட்டாளோ இல்லையோ, செல்லியம்மாள் அத்தையை முதல் ஆளாகக் கொண்டுவந்து முன்னால் உட்கார வைத்திருந்தாள். அத்தை மடியில் பேரன். செழியன் போன வயசுதான் இருக்கும் அவனுக்கும். பிள்ளைகள் மண்ணில் புரண்டுகொண்டிருந்தன. மைக் இல்லை. விளக்குக் கம்பத்துக்குக் கீழே நின்று, எதிர்வீட்டில் பேசுகிற மாதிரி ஷாலினி பேச ஆரம்பித்தாள். பாய், கட்டில், கொசுவலை, கடிவாய், வயிற்று வலி. ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

அந்த இடத்துக்கு வந்து நிமிர்ந்தபோது கூட்டத்துக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். கையில் மஞ்சள் பை. யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார்கள். தன் பெண் பேசுவதைக் கேட்காமல் எந்த ஆட்டுக்குட்டியை விசாரிப்பது என்று பாதிச் சந்தையில் திரும்பி வந்திருக்கிறார். முகத்தில் அவ்வளவு பெருமை. அவர் அப்படிச் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் ஷாலினி சொன்ன வயிற்று வலியையே இன்னொரு தடவை சொன்னாள். அம்மாவும் திரும்பிப் பார்த்துவிட்டாள். வேண்டாம் என்று மகளைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

அத்தை மடியில் பையன் கொட்டாவி விட்டான். சொல்லாமல் விட முடியாது. வெள்ளிமலையில் அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள். இங்கே அப்பாவைப் பார்த்தே சொன்னாள். தன் அப்பாவுக்கு அதை வேறு யாரோ சொல்லிப் போவதைவிடத் தான் சொல்வது மேல் என்று அந்தக் கணத்தில் தோன்றியது.

“எம தொங்கும். கண்ணு தொறக்க முடியலன்னு சொல்லும். புள்ள தூங்கறான்னு நமக்குத் தோணும். அது தூக்கம் இல்ல.”

அப்பா சிரித்த முகமாகவே நின்றார். பிறகு அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பையைப் பிடித்திருந்த கை மட்டும் இறங்கியது.

பேச்சை முடித்தாள். பழகிய வாய், யாராவது எழுந்து கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டது. ஒருவரும் எழவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அப்போது பின்னாலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா முன்னால் வந்தார். பையைக் கீழே வைத்தார்.

“விடியக்காத்தால புள்ளைக்கு வவுறு வலிச்சா மொகத்தப் பாக்கணும். எம தொங்குச்சின்னா தூக்கிகினு ஓடணும்.” அங்கே நின்றுபோனது. “தூங்கட்டும் வுடுன்னு சொல்லக்கூடாது. எவன் சொன்னாலும் கேக்கக்கூடாது. பெத்தவன் சொன்னாலும் கேக்கக்கூடாது.”

தன் அக்காவைப் பார்த்தார்.

“கொழம்பு இல்லக்கா.”

செல்லியம்மாள் பேரனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அன்றைக்குச் சொன்னதை அப்பாவும் கேட்டிருக்கிறார், இத்தனை வருடமும் மறக்கவில்லை என்பது ஷாலினிக்கு அப்போதுதான் தெரிந்தது. மறக்காமல் இருந்தும் ஒருநாளும் அம்மாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த வீட்டில் மூன்று பேரும் மூன்று மூலையில் ஒரே பிணத்தைத் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அம்மா எழுந்து வந்தாள். கீழே கிடந்த பையை எடுத்து மண்ணைத் தட்டினாள். அப்பாவின் முழங்கையைப் பிடித்தாள். தெருவில் நாலு பேர் பார்க்க அவள் அப்படிப் பிடித்து ஷாலினி பார்த்ததே இல்லை.

“பாம்புய்யா. நீயும் இல்ல, நானும் இல்ல. வா வூட்டுக்கு.”

அப்பா நகரவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றார். ஜனங்கள் மெல்ல எழுந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். போன வருடம் அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்த பெண் ஒருத்தி, மடியில் தூங்கிப்போயிருந்த தன் குழந்தையை விளக்குக் கம்பத்துக்குக் கீழே தூக்கி வந்தாள். அதன் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்கு நிமிர்த்தி இமையை உற்றுப் பார்த்தாள். பார்த்தும் மனசு ஆறாமல் கன்னத்தைத் தட்டி எழுப்பினாள். தூக்கம் கலைந்த குழந்தை ஆத்திரத்தில் வீறிட்டு அழுதது. யாரும் சிரிக்கவில்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிட்டோமே என்று அவள் சங்கடப்பட்டுச் சுற்றிலும் பார்த்தாள்.

அப்பா துண்டை இறக்கிவிட்டு அந்தக் குழந்தையைப் பார்த்தார்.

“அழட்டும் வுடும்மா” என்றார்.